அந்தக் குதிரையை வெட்டியிருக்கலாம்

"செக்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் மூத்திரம் முட்டும். இத்தனைக்கும் ஊருக்குத் தைரியம் சொல்வதுதான் என் பிழைப்பு. பினாங்கில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். படிக்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு பிரேக் என்று இரண்டு பிரேக் வைத்த காடி என்னுடையது. என் காலடியில் இருக்கும் மிதிக்கட்டையின் ரப்பர்தான் முதலில் தேய்ந்து வழுக்கையாகும். தூரத்தில் ஒரு பூனை ரோட்டைக் கடக்கலாமா என்று யோசித்தாலே நான் மிதித்துவிடுவேன்.

இதை முதலில் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி இல்லை. மேல்மாடி அக்கா.

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு நேர் மேலே குடியிருந்தார். ஃப்ரீ டிரேட் ஸோனில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லமாட்டேன் என்பதையும் அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பார், அந்த மாதிரி ஆள்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டுக் கீழே தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்டு மேசைக்கு வருவார். ஒரு கையில் செஸ் பலகை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ, பால் கலக்காத டீ. நான் பலகையையே முறைத்துக்கொண்டிருப்பேன். அக்கா பலகையைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. என் மூஞ்சியைத்தான் பார்ப்பார்.

பத்துப் பதினைந்து நகர்த்தலுக்குப் பிறகு அவருடைய குதிரை ஒன்று எங்கிருந்தோ துள்ளி வந்து என் ராஜாவுக்கு இரண்டு கட்டம் தள்ளி நிற்கும்.

"செக்."

அவ்வளவுதான். குளிக்கும்போது பாம்பைப் பார்த்தவன் மாதிரி என் ராஜா அரைகுறைத் துணியோடு தெருவுக்கு ஓடுவான். பின்னாலேயே அக்காவின் ராணி வரும், யானை வரும். நடுப்பலகையில் வைத்துக் கழுத்தை நெரிப்பார்கள். எல்லாம் முடிந்து நான் வியர்வையைத் துடைக்கும்போது அக்கா தே ஓவை உறிஞ்சிவிட்டுச் சொல்வார்.

"அந்தக் குதிரையை வெட்டியிருக்கலாம் தம்பி. சும்மாதானே நின்னுச்சு."

திரும்பிப் பார்த்தால் என் சிப்பாய் ஒருவன் அந்தக் குதிரையை வெட்டத் தோதாகக் குறுக்கு மூலையில் நின்றிருப்பான், என்னை யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு.

"அப்பன்னா தெரிஞ்சேதான் தப்பான எடத்துல வச்சீங்களா?"

"தப்பான எடந்தான். நல்லா ஆடறவன்கிட்ட வச்சா என் கதை முடிஞ்சிச்சு. நீ நல்லா ஆடறவனா லா?"

"இல்லக்கா."

"அப்புறம்? உன்கிட்ட எதுக்கு நல்ல காய் வைக்கணும்? வீணாப் போகும்."

அதுதான் அவருடைய ஆட்டம். எது சிறந்த நகர்த்தல் என்று அவர் யோசிக்கவே மாட்டார். எதிரே இருக்கிறவன் எங்கே வழுக்குவான் என்றுதான் யோசிப்பார். மூன்றாம் மாடி சீன அங்கிளுக்கு ராணி மேல் அவ்வளவு பாசம். ராணியைக் காப்பாற்ற வீட்டையே விற்பார். அக்கா சும்மா ஒரு சிப்பாயைத் தள்ளி அந்த ராணியை முறைப்பார். அங்கிள் ராணியைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடுவார். ராணி மூலையில் பத்திரமாக இருக்கும், மற்ற எல்லாம் போய்விடும். அங்கிள் மலாயில் நன்றாகத் திட்டிவிட்டு அடுத்த வாரமும் வருவார், அடுத்த வாரமும் ராணியைக் காப்பாற்றுவார்.

எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்தக் குடியிருப்போர் கூட்டம் வரைக்கும்.

அப்போது எங்கள் பிளாட்டுக்குத் தலைவராக இருந்தவர் கொஞ்சம் கோபக்காரர். லிப்ட் மாதக்கணக்கில் கெட்டுக் கிடந்தது, கேட்டால் கத்துவார். அன்றைக்குக் கூட்டத்தில் அக்கா எழுந்து, அதிர்ந்து பேசாமல், ஒரு கேள்வி கேட்டார். தலைவர் பதில் சொன்னார். "மன்னிக்கணும் அண்ணே, சரியாக் கேக்கல, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்றார் அக்கா. சொன்னார். "அந்தக் கடைசி வரி மட்டும் அண்ணே." மூன்றாவது தடவை அந்த மனுஷனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. எல்லார் முன்னாலும், பெண்கள் இருக்கிற இடத்தில், வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தை வந்துவிட்டது. அந்த வாரமே பதவியை விட்டார். அதற்கப்புறம் அவர் யாரையும் நிமிர்ந்து பார்த்து நடந்து நான் பார்க்கவில்லை. காப்பிக் கடையில் சுவரைப் பார்த்து உட்காருவார்.

லிப்ட் வேலை செய்தது. அதில் ஏறும்போதெல்லாம் காப்பிக் கடையில் சுவரைப் பார்த்து உட்காரும் அந்த முதுகுதான் என் கண்ணில் நின்றது. அக்கா அவரைத் தள்ளிவிடவில்லை. அவர் விழக்கூடிய இடத்தில் தரையைக் கொஞ்சம் ஈரமாக்கி வைத்தார், அவ்வளவுதான்.

"பாவமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"பாவந்தான்," என்றார். "அதனாலதான் கொரலை ஒசத்தல."

வீட்டிலும் அதே ஆட்டம். அக்காவின் வீட்டுக்காரரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், நல்ல மனுஷன். கண் மங்கியதால் கார் ஓட்டும் லெசென் புதுப்பிக்காமல் வீட்டோடு இருந்தார். அவரிடம் ஒரு குணம்: ஒரு பொறுப்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்று காதில் விழுந்தால் போதும், அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கமாட்டார். "அதைத் தம்பி பாத்துக்குவான்" என்று அக்கா சொன்னால் அத்தான் டிவி பக்கம் திரும்பிவிடுவார். அந்தத் தம்பி நான்தான். அக்காவைக் காய்கறி வாங்கப் பாசாருக்கும் கோயிலுக்கும் என் காடியில்தான் கூட்டிப்போவேன். வழியெல்லாம் நான் பிரேக்கை மிதிப்பேன், அக்கா கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார். "நீ பொறக்கும்போதே கால் முன்னாடி வந்திருக்கும்லா, பிரேக்கைத் தேடிக்கிட்டு."

சிங்கப்பூரில் ஒரே மகள். அம்மாவைத் திட்ட ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் அவளுக்கு மனசு ஆறிவிடும், அடுத்ததைத் தேடமாட்டாள். வீடியோ காலுக்கு முன்னால் அக்கா ஒரு தட்டில் கறிபாப் எடுத்துக் கேமராவில் தெரிகிற மாதிரி வைப்பார். "ஐயோம்மா, எண்ணெய்ப் பலகாரம்! கொலஸ்ட்ரால் என்னாச்சு?" என்று மகள் ஆரம்பிப்பாள். முட்டி வலி, வழுக்கி விழுந்தது, மருந்து தீர்ந்தது எதுவும் பேச்சில் வராது. பேசி முடித்ததும் அக்கா அந்தக் கறிபாப்பை என்னிடம் தள்ளுவார். ஒன்றைக்கூட அவர் தின்று நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு தடவை அவர் தோற்றுப் பார்த்திருக்கிறேன். தோல்வி என்று அதைச் சொல்லக்கூடாது, அது வதை. கீழ் மாடி இன்ஜினியர் தம்பி ஒருநாள் தன் போனை மேசையில் வைத்து, "அக்கா, இதோட ஆடிப் பாருங்களேன்" என்றார். அக்கா வழக்கம்போலக் குதிரையைத் துள்ளவிட்டார். போன் யோசிக்கவே இல்லை, வெட்டியது. ஒரு சிப்பாயைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். போன் அதைச் சீண்டவில்லை. ராணியை முறைத்துப் பார்த்தார். ராணி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அக்கா அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பலகையைப் பார்த்தார். பார்க்க வேறு மூஞ்சி இல்லையே.

சீக்கிரமே முடிந்துவிட்டது. அக்காவின் மேலுதட்டில் வியர்வை.

"இதுக்குப் பயமும் இல்ல, ஆசையும் இல்ல, கோபமும் இல்ல," என்றார். "இந்த மாதிரி ஒன்னுகிட்ட என் ஆட்டம் வெறும் மோசமான ஆட்டம் தம்பி." போனை இரண்டு விரலால் தள்ளி, அதன் சொந்தக்காரரிடம் கொடுத்தார். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை.

இனிச் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது. எனக்கு வந்தாலும் நீங்கள் மன்னிக்க வேண்டும். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பும் வரும்.

அக்கா மெலிந்துகொண்டே வந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் போனால் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்கி வருவேன். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றி வெள்ளமாக இருந்தால்தான் அக்காவுக்குப் பிடிக்கும். அதைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, மூடி வைக்க ஆரம்பித்தார். கேட்டால், "ஒன் மூஞ்சி ஏன்லா இப்படி வீங்கியிருக்கு? பிரஷர் பாத்தியா?" என்பார். நான் உடனே கிளினிக்குக்கு ஓடுவேன். பிரஷர் சரியாக இருக்கும். திரும்பி வரும்போது, நான் என்ன கேட்க வந்தேன் என்பதே எனக்கு மறந்திருக்கும்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம். தண்ணீர்மலைக்குப் போகிற ரோட்டில் எங்கள் பிளாட்காரர்கள் ஒவ்வொரு வருடமும் தண்ணீர்ப் பந்தல் போடுவோம்; அதற்குப் பொறுப்பு நான். அன்று காலையில் அக்கா போன் செய்தார்.

"தம்பி, நம்ம பந்தல் எடத்தை வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாமே?"

"அலாமா! யாருக்கா சொன்னது?"

"காதுல விழுந்துச்சு. போய்ப் பாரு. நேர்ல போய்ப் பாரு."

நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அனுமதி கொடுத்த ஆபீசுக்கு ஓடினேன். பெயர் இருக்கிறது, முத்திரை இருக்கிறது என்று காட்டினார்கள். நம்பாமல் இடத்துக்கே ஓடினேன். எங்கள் பெயர் எழுதிய பேனர் அங்கே வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. எதுவுமே நடக்கவில்லை. ஊரைக் காப்பாற்றிய தளபதி மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, அக்காவுக்கு ஒரு நாசி கண்டார் பொட்டலமும் வாங்கிக்கொண்டு மேல்மாடிக் கதவைத் தட்டினேன்.

அத்தான் திறந்தார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அக்கா எங்கே?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தேன் அத்தான்."

"ஆஸ்பத்திரிக்கு நீதானே கூட்டிட்டுப் போன? தம்பி பாத்துக்குவான்னு சொன்னாளே."

பொட்டலம் கையில் சூடாக இருந்தது. என் மூளைக்குள் ஒரு குதிரை துள்ளி வந்து நின்றது. அது வெகு நேரமாக அங்கேதான் நின்றிருக்கிறது.

அக்கா தனியாக வாடகைக் காரில் போய், பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, கணையத்தில் புற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் கணையம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது. மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் இழுக்கலாம் என்றார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அத்தான் பக்கத்தில் இருந்திருந்தால் அழுதிருப்பார், நான் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். என்னை ஒரு போனிலும் அத்தானை ஒரு வார்த்தையிலும் ஒதுக்கி வைத்துவிட்டு, அமைதியாக முடிவெடுத்திருக்கிறார்.

தைப்பூசம் முடிந்து வலி கூடியதும் வார்டில் சேர்த்தார்கள். மாலையில் பார்வையாளர் நேரத்துக்குப் போவேன். முதல் நாளே என் கையைப் பிடித்தார். எலும்புதான் பிடித்தது.

"மகளுக்குச் சொல்லிடாதே. வயித்துப் புள்ளையோட இருக்கா. பதறிக்கிட்டு ஓடி வருவா. வர்ற வழியில அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? நீதான்."

"சொல்லமாட்டேன்கா. சத்தியமா சொல்லமாட்டேன்கா."

மகள் கூப்பிட்டால் நான்தான் சமாளித்தேன். சமாளித்த அழகைக் கேளுங்கள். "அம்மாவுக்கா? அம்மாவுக்கு ஒன்னுமில்லயே! ஏன் கேக்குற? கேஸ்ட்ரிக்தான்! சாதாரண கேஸ்ட்ரிக்! யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கத்துவேன். எந்த மடையனும் சந்தேகப்படுவான். அவள் சிரித்துவிட்டு, "சரி மாமா, அம்மாவை எண்ணெய் திங்க வேணாம்னு சொல்லுங்க" என்று வைத்துவிடுவாள். எனக்கே அது அதிசயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் காந்தம் வைத்த சின்னப் பலகை ஒன்றை வாங்கிப் போனேன். அக்காவுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்து உட்காரவைத்தார் அத்தான். கண் மஞ்சளாக இருந்தது. ஒவ்வொரு காயையும் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கினார்.

"டாக்டர் என்னாக்கா சொல்றாரு?"

"அவர் என்னா சொல்றது. இது அந்தப் போன் மாதிரி தம்பி." வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். பட்டினி போட்டேன், தீனி போட்டேன். அது தப்பே பண்ணமாட்டேங்குது."

நான் எதையோ சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய குதிரை நடுங்கும் விரல்களில் ஏறி வந்து என் ராஜாவுக்கு இரண்டு கட்டம் தள்ளி ஒட்டிக்கொண்டது.

"செக்."

என் கை ராஜாவிடம் போய்விட்டது. தொடவில்லை. ஏன் நின்றேன் என்று தெரியாது. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம். முதல் தடவையாக நான் பலகையைப் பார்க்காமல் எதிரே இருந்த மூஞ்சியைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் சார்ஜில் கிடந்த தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் மகளுடைய படம்.

அப்போதுதான் என் சிப்பாய் கண்ணில் பட்டான், குறுக்கு மூலையில், வழக்கம்போல. குதிரையை வெட்டினேன்.

வார்டில் யாரோ இருமினார்கள். அக்கா வெட்டுப்பட்ட குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லயே," என்றார்.

ஓடாமல் நின்று பார்த்தால் மகளைப் பற்றி அக்கா காட்டிய பயமும் அந்தக் குதிரை மாதிரிதான் தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறவள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரலாம். புருஷன் துணைக்கு வருவான். சிங்கப்பூரிலிருந்து இங்கே கூப்பிடு தூரம். யார் பதில் சொல்வது என்று அக்கா கேட்டதும் நான் ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். பிள்ளை அம்மாவைக் கடைசியாகப் பார்க்காமல் போனால் அதற்கு யார் பதில் சொல்வது என்று நான் கேட்கவே இல்லை.

என் போனை எடுத்தேன்.

"தம்பி," என்றார் அத்தான். "வேணாம்னு சொன்னாளே."

அக்கா கண்ணை மூடினார். "தொட்டுட்டான்ல. தொட்ட காயை நகத்தித்தான் ஆகணும்."

மகள் எடுத்தாள். எனக்குக் கை நடுங்கவில்லை, குரல் உடையவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது நான்தானா என்று சந்தேகம். "அம்மாவுக்கு ரொம்ப முடியலம்மா," என்று மட்டும் சொன்னேன், மெதுவாக. அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "வர்றேன் மாமா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளே புருஷனோடு வந்து சேர்ந்தாள். அக்காவுக்கு அப்போது பேச்சு இருந்தது. மகள் கட்டிலில் பக்கத்தில் சாய்ந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே உதைத்ததாம். அக்காவின் உதடு அசைந்தது; என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நானும் அத்தானும் வராந்தாவில் நின்றோம். அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார். வலி கடைசிவரைக்கும் விடவில்லை. நல்ல சாவு என்று ஆறுதலுக்குச் சொன்னார்கள் சிலர். அங்கே இல்லாதவர்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் சிமெண்டு மேசைப் பக்கம் வந்தாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"நான் சொன்னதும் ஏம்மா ஒரு கேள்விகூடக் கேக்கல?" என்றேன். "அதுக்கு முன்னாடி அவ்வளவு உளறினேனே, அப்ப சந்தேகம் வரலியா?"

"அம்மா சொல்லியிருந்தாங்க மாமா. ரொம்ப நாளைக்கு முன்னாடியே. 'மாமா பதறிக்கிட்டுப் பேசுனா ஒன்னுமில்ல, அது அவன் சுபாவம், சிரிச்சிட்டு வச்சிடு. என்னைக்காவது நிதானமாப் பேசுனா எதையும் கேக்காதே. கெளம்பி வந்துடு'ன்னு."

நான் பதறினால் மகள் நிம்மதியாகச் சிங்கப்பூரில் இருப்பாள். பதறாவிட்டால் மகள் பக்கத்தில் இருப்பாள். நான் எந்தக் காயை நகர்த்தினாலும் அதற்கு ஒரு பதிலை முன்கூட்டியே வைத்துவிட்டுத்தான் அந்தக் குதிரையைத் தூக்கியிருக்கிறார். நான் வெட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நின்ற இடம் மோசமான இடம்தான். ஆனால் நின்றது யாருக்காக என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அத்தான் மேலே தனியாக இருக்கிறார். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று பார்த்துவிட்டு வாரம் ஒருமுறை மகளுக்கு நான்தான் போன் செய்கிறேன். அவள் எடுத்ததும் மூச்சிரைக்க, "ஐயோ, கேட்டியா, உங்கப்பா இன்னைக்கு என்னா பண்ணாருன்னு!" என்று அடித்தொண்டையில் கத்தித்தான் ஆரம்பிப்பேன். அந்தப் பக்கம் அவள் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்கும். அதற்கப்புறம்தான் குழந்தை எப்படியிருக்கிறது என்று கேட்பேன், அதையும் கத்தித்தான்.